நவாப் போட்ட கையெழுத்து



நடுவர் அய்யா நமக்குக் கொடுத்த தலைப்பு என்ன? ‘நம்மை நாமே ஆளும் நிலை போய், வெளியில் இருப்பவன் நம்மை ஆளும் நிலை வருவது பெரிதும் வாளாலா, கடனாலா?’ எனக்கு முன்னால் பேசிய சகோதரி வாளை எடுத்துச் சுழற்று சுழற்று என்று சுழற்றிவிட்டுப் போயிருக்கிறார். நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. (சிரிப்பு)

அய்யா, வாள் வந்தால் தெரியும். சத்தம் கேட்கும், நாய் குரைக்கும், ஊர் முழிச்சுக்கும். கடன் அப்படியா வருது? செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுட்டு, ‘அண்ணே சௌக்கியமா?’ன்னு கேட்டுக்கிட்டு உள்ளே வருது. நாமளே பாய் போட்டு, மோர் கொடுத்து உட்கார வைக்கிறோம். (கைதட்டல்)

எங்கள் வீட்டிலேயே நடந்ததை முதலில் சொல்கிறேன். கும்பகோணத்துப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. அக்கா கல்யாணத்துக்கு ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். அந்தப் பெரிய மனிதர் பேர் வேண்டாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வருஷம் அவர் வரப்பில் வந்து நின்று, ‘இந்தப் போகத்துக்கு இந்த நெல்லைப் போடு’ என்றார். அப்பா போட்டார். அதற்கடுத்த வருஷம், ‘நெல்லை வெளியே விற்காதே, நமக்கே அளந்துடு’ என்றார். அப்பா அளந்தார். மூன்றாவது வருஷம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, ‘பையனை எதுக்குப்பா காலேஜுக்கு அனுப்பறே? களத்துல ஆள் இல்லையே’ என்றார். அந்தப் பையன் நான்தான். அப்பா பதில் பேசவில்லை. நிலம் அப்பாவுடையது, ஏர் அப்பாவுடையது, பிள்ளையும் அப்பாவுடைய பிள்ளைதான். முடிவு மட்டும் வேறொருவர் எடுக்கிறார். இந்தக் கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரைக்கும் நடுவர் அய்யா மணி அடிக்காமல் இருக்க வேண்டும். (சிரிப்பு)

இரண்டு ஏக்கருக்கு நடந்த இதே கதை ஒரு ராஜ்யத்துக்கும் நடந்திருக்கிறது. நம்ம தமிழ்நாட்டிலேதான். சென்னையில் வாலாஜா ரோடு தெரியும் உங்களுக்கு. கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். சேப்பாக்கத்தில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது, 1768-ல் கட்டியது. அந்த அரண்மனையில் இருந்தவர்தான் அந்த வாலாஜா. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கான் வாலாஜா. கிட்டத்தட்ட 46 வருஷம் நவாப்பாக இருந்தவர். அந்த 46 வருஷத்தில் அவரை யாரும் நாற்காலியை விட்டு இறக்கவில்லை. ஆனால் ராஜ்யம் அவர் கையில் இல்லை. அது எப்படி என்பதுதான் என் பேச்சு.

1749. ஆம்பூரில் ஒரு சண்டை. நவாப் அன்வருதீன் கான் கொல்லப்படுகிறார். அவர் மகன் முகம்மது அலி தப்பித்துத் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் போய்ப் புகுந்துகொள்கிறார். வெளியே சந்தா சாகிப், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்கள். மகனுக்கு யார் துணை? ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு போய் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றார். 1752-ல் சந்தா சாகிப் தலை போயிற்று. 1763-ல் பாரிஸ் உடன்படிக்கையில் முகம்மது அலிதான் கர்நாடகத்தின் நவாப் என்று பிரெஞ்சுக்காரனும் ஒத்துக்கொண்டான்.

எதிரணிச் சகோதரி சொல்வார், ‘பார்த்தீங்களா, வாளால்தானே எல்லாம் நடந்தது’ என்று. அம்மா, இந்த வாள் நவாப்புக்காகச் சுழன்ற வாள். அவரை அடிமையாக்க வந்த வாள் இல்லை. அவர் ஜெயித்துவிட்டார். பகைவன் இல்லை, பட்டம் இருக்கிறது, சீமை இருக்கிறது. அன்றைக்கு அவர் முழு ராஜா. சண்டை முடிந்த மறுநாள் கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது. ‘உங்களுக்காகச் சண்டை போட்டோம். செலவுக் கணக்கு இதோ.’ (சிரிப்பும் கைதட்டலும்)

கல்யாணம் முடிந்ததும் பந்தல்காரர் வந்து நிற்பாரே, அந்த மாதிரி! நவாப் என்ன பண்ணுவார்? 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த அதே சீமையை அவரே கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். 1780 வரைக்கும் இப்படி! தன் வீட்டை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருந்த ராஜா, அய்யா!

இது கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடன். இதைவிடப் பெரிய வினை இன்னொன்று. கம்பெனிப் பட்டாளத்துக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மரியாதை போய்விடும். கஜானாவில் ரொக்கம் இல்லை. ரொக்கம் யாரிடம் இருக்கிறது? கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் வெள்ளைக்காரத் துரைமார்களிடம். அவர்களிடமே நவாப் வட்டிக்கு வாங்குகிறார். வாங்கிய பணத்தைக் கம்பெனிக்கே கட்டுகிறார். பணம் ஒரு வெள்ளைக்காரன் சட்டைப் பையிலிருந்து கிளம்பி இன்னொரு வெள்ளைக்காரன் பெட்டிக்குப் போகிறது. நடுவில் வட்டி மட்டும் நம்ம ஊர் வயல் தலையில்! (கைதட்டல்)

அடமானம் என்ன? நகையா, பாத்திரமா? இல்லை. வரி. ‘இந்தச் சீமையின் வரியை நீயே வசூல் பண்ணிக்கோ’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். துரையின் ஆள் கிராமத்துக்குப் போவான். அவனுக்கு ஏரி உடைந்தால் என்ன, மழை பொய்த்தால் என்ன? இந்த வருஷம் எடுக்கிறதை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அரசன் வரி வாங்கினால் அடுத்த வருஷமும் வாங்க வேண்டுமே என்று கொஞ்சம் யோசிப்பான். கடன்காரன் ஏன் யோசிக்கப் போகிறான்?

அந்தக் கடன்காரர்களில் ஒருவர் பேரைக் கேளுங்கள். பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் அவர் சம்பளம் வருஷத்துக்குச் சில நூறு பவுண்டுதான். 1773-ல் நவாப் கம்பெனிப் பட்டாளத்தை வைத்துத் தஞ்சாவூரைப் பிடித்தார். ராஜா துளஜாவைச் சிறையில் வைத்தார். லண்டனில் இருந்த கம்பெனி மேலதிகாரிகள் ‘அது தப்பு, ராஜாவுக்கே திருப்பிக் கொடுங்கள்’ என்று உத்தரவு போட்டார்கள். சென்னைக்கு கவர்னராக வந்த பிகட் பிரபு 1776-ல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். அப்போது பென்ஃபீல்ட் எழுந்து நிற்கிறார். ‘தஞ்சாவூர் வரியும் விளைச்சலும் எனக்கு அடமானம் ஆகியிருக்கிறது. இரண்டேகால் லட்சம் பவுண்டுக்கு மேல் எனக்கு வர வேண்டும்.’

சில நூறு பவுண்டு சம்பளக்காரனுக்கு இரண்டேகால் லட்சம் பவுண்டு பாக்கி! நம்ம வீட்டில் பையன் பத்து ரூபாய் கூடுதலாக வைத்திருந்தால் ‘ஏதுடா இது?’ என்று கேட்கிறோம். பிகட்டும் ஏதுடா இது என்றுதான் கேட்டார். என்ன நடந்தது? 1776 ஆகஸ்டில் கவர்னரை அவருடைய ஆலோசனைச் சபைக்காரர்களே கைது பண்ணிவிட்டார்கள்! சென்னைப் பட்டணத்துக் கவர்னரை! 1777-ல் அந்தக் காவலிலேயே அவர் செத்துப் போனார். பிகட் பெரிய தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கடன்பத்திரம் நவாப்பை மட்டும் கட்டவில்லை, கம்பெனியின் கவர்னரையே கட்டிப் போட்டது என்கிறேன்.

இன்னொரு சம்பவம். நவாப்புக்குச் சொந்தமாகக் குதிரைப்படை இருந்தது. அதைக் கலைக்கச் சொன்னார்கள். கலைக்க வேண்டுமானால் சம்பள பாக்கியைக் கொடுக்க வேண்டும். ‘நாங்கள் கடன் தருகிறோம்’ என்று கம்பெனி ஆட்களே முன்வந்தார்கள். சீமைகளின் வரியை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாலு மாதத்தில் வீரர்களுக்குத் தருவதாகச் சொன்ன சம்பளத்தை இரண்டு வருஷம் இழுத்தடித்தார்கள், அதையும் நவாப்பின் வரிப் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு வட்டியும் வாங்கினார்கள் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே ஒருவர் எழுந்து குற்றம் சாட்டினார். எதிரணி நண்பர்களே, கவனியுங்கள். நீங்கள் சொல்கிற வாள் நவாப்பின் இடுப்பில்தான் இருந்தது. அந்த வாளை உருவிக்கொண்டு போனது கடன்! (நீண்ட கைதட்டல்)

குற்றம் சாட்டியவர் யார்? எட்மண்ட் பர்க். தேதி 1785 பிப்ரவரி 28. ‘ஆற்காட்டு நவாப்பின் கடன்கள்’ என்ற ஒரே விஷயத்துக்காக லண்டனில் அவர் மணிக்கணக்கில் பேசினார். ஏன் பேசினார்? விசாரணையே இல்லாமல் அந்தக் கடன்களைத் தீர்க்கச் சொல்லி முந்தின வருஷம் உத்தரவாகியிருந்தது. வருஷத்துக்கு 12 லட்சம் வராகன், அன்றைய கணக்கில் 4,80,000 பவுண்டு, கர்நாடகத்து வருமானத்திலிருந்து போக வேண்டும். கடன் உண்மையா பொய்யா என்று பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கவில்லை? நவாப்பிடம் சம்பாதித்த பணத்தில் கடன்காரர்கள் பாராளுமன்றத்திலேயே இடம் பிடித்திருந்தார்கள். பென்ஃபீல்ட் ஒருவரே தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்று பர்க் எண்ணிச் சொன்னார். ஓட்டெடுப்பில் பர்க் தோற்றார்.

தாய்மார்களே, இதை நீங்கள் யோசிக்க வேண்டும். தஞ்சாவூர் வயலில் குனிந்து நாற்று நட்ட ஒரு பெண், தன் வீட்டுக் குதிர் ஏன் காலியாக இருக்கிறது என்று யாரைக் கேட்பாள்? கணக்கனைக் கேட்டால் நவாப்பைக் காட்டுவான். நவாப்பைக் கேட்டால் துரையைக் காட்டுவார். துரையைக் கேட்டால் லண்டனைக் காட்டுவான். அவள் சாப்பாட்டைத் தீர்மானித்த மனிதர்களை அவள் வாழ்நாளில் ஒருநாளும் பார்க்கவில்லை. வெளியில் இருந்து ஆளப்படுவது என்றால் இதுதான் அய்யா. ஆள்கிறவன் முகமே தெரியாது.

நவாப் மேலேயே எல்லாப் பழியையும் போடுகிறீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1749-ல் அப்பா செத்து, கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட இளவரசனுக்கு வேறு வழி என்ன இருந்தது? முதல் கடன் உயிர் பிழைக்க வாங்கியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் அப்பா அக்கா கல்யாணத்துக்கு வாங்கினதையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த கடன் முந்தின கடனுக்கு வட்டி கட்ட. அதற்கடுத்தது கௌரவத்துக்கு. 1767-ல் ஒரு தொகுப்புக் கடன், நூற்றுக்குப் பத்து வட்டி. 1777-ல் இன்னொரு தொகுப்பு, நூற்றுக்குப் பன்னிரண்டு. அரண்மனையும் விருந்தும் பரிசும் குறையவே இல்லை. வெளியில் இருந்து பார்த்தால் ராஜா. உள்ளே இருந்து பார்த்தால் தவணைக்காரர்!

1781-ல் ஹைதர் அலியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வரி வசூல் மொத்தத்தையும் கம்பெனியிடம் ஒப்படைத்து, ஆறில் ஒரு பங்கு மட்டும் தனக்கு என்று நவாப் ஒப்புக்கொண்டார். பிறகு அது அவர் கைக்குத் திரும்பி வந்தது, மறுபடியும் போனது. 1792-ல் காரன்வாலிஸ் காலத்து உடன்படிக்கை. அதில்தான் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போயிற்று.

எதிரணியில் ஒருவர் கட்டபொம்மனைச் சொல்லிக் கண்ணீர் வரவைத்தார். நானும் அழுதேன். ஆனால் ஒரு கேள்வி. 1798-ல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ராமநாதபுரத்துக்கு வரச்சொல்லி அலைக்கழித்தாரே, எந்த உரிமையில்? கம்பெனி பாஞ்சாலங்குறிச்சியை விலைக்கு வாங்கியதா? வரி கேட்கும் உரிமையைக் கொடுத்தது நவாப் போட்ட கையெழுத்து! 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் கழுத்தில் விழுந்த கயிறு எங்கே திரிக்கப்பட்டது? சேப்பாக்கத்துக் கடன்பத்திரத்தில் திரிக்கப்பட்டது! (பலத்த கைதட்டல்)

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரில் ஒட்டினார்களே, சின்ன மருதுவின் அறிக்கை, அதிலேயே இந்தக் குறை இருக்கிறது. நவாப் அறிவில்லாமல் வெள்ளையருக்கு இடம் கொடுத்துவிட்டார், வந்தவர்கள் நாட்டையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பது அவர் வருத்தம். வாள் பிடித்த மனிதரே வாளைக் குற்றம் சொல்லவில்லை. இடம் கொடுத்த கையைச் சொன்னார். அதே வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

முகம்மது அலி 1795-ல் காலமானார். மகன் உம்தத்துல் உமரா வந்தார். சீமைகளைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிடும்படி கவர்னர் நெருக்கினார். ‘கொடுத்துவிடாதீர்கள்’ என்று கடன்காரர்கள் நெருக்கினார்கள். அடமானம் போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு. பாருங்கள், அந்த மனிதர் ‘மாட்டேன்’ என்று சொன்னதுகூட முழுக்க அவர் குரல் இல்லை! 1801 ஜூலையில் அவரும் இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களில் திப்புவோடு நவாப்புகளுக்கு ரகசியத் தொடர்பு தெரிகிறது என்று காரணம் காட்டி, ராஜ்யத்தை ஒப்படைக்கும் ஒரு காகிதத்தை அவருடைய இளம் மகன் அலி உசேன் முன்னால் வைத்தார்கள்.

அந்த இளைஞன் என்ன செய்தான் தெரியுமா? கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். தாத்தா கேட்டபோதெல்லாம் கையெழுத்துப் போட்டார். பேரன் முடியாது என்றான். ஆனால் காலம் கடந்துபோயிற்று அய்யா. ‘நீ போடாவிட்டால் போ’ என்று சொல்லி, அதே குடும்பத்தில் அசீமுத் தௌலா என்பவரைக் கூப்பிட்டு நவாப் ஆக்கினார்கள். 1801 ஜூலை 31-ல் அவர் கையெழுத்துப் போட்டார். ஆட்சி முழுக்கக் கம்பெனிக்கு. நவாப்புக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஆற்காட்டு ராஜ்யம் ஒரு பேனா முனையில் முடிந்தது. கையெழுத்துப் போட மறுத்த பிள்ளை அடுத்த வருஷமே இறந்து போனான்.

கடைசியில் அந்தக் கடனாவது உண்மையா? 1805-ல் கணக்குப் பார்க்க ஒரு கமிஷன் போட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். கேட்ட தொகை மொத்தம் மூன்று கோடிப் பவுண்டுக்கு மேல். சரியான கடன் என்று தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மீதியெல்லாம் புளுகுக் கணக்கு. வராத கடனுக்கு ஒரு நாடு வட்டி கட்டியிருக்கிறது. அந்த பென்ஃபீல்ட் 1810-ல் பாரிஸில் வறுமையில் செத்தார். அதில் நமக்கு என்ன ஆறுதல்? நம்ம வயலுக்கு நெல் திரும்பி வந்ததா?

நடுவர் அவர்களே, வாளால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாளிடம் தோற்றவனுக்குத் தோற்றோம் என்று தெரியும், அதனால் அவன் பேரன் ஒருநாள் எழுந்து நிற்பான். கடனில் தோற்றவனுக்குத் தான் தோற்றதே தெரியாது. நாற்காலி இருக்கும், பட்டம் இருக்கும், ‘மகாராஜா’ என்று கூப்பிடுவார்கள். எதை விதைப்பது, எதை விற்பது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம் என்பதெல்லாம் மட்டும் வேறொருவர் சொல்வார். இன்றைக்கு செல்போனைத் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் கடன் வருகிறது. வாங்கினவனுடைய தூக்கம் எத்தனை மணிக்கு என்று அடுத்த மாதத்திலிருந்து தீர்மானிப்பது யார்? உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ‘பையனை எதுக்குக் காலேஜுக்கு அனுப்பறே?’ என்று அவர் கேட்டபோது அப்பா தலை குனிந்திருந்தார் என்றேன் அல்லவா? அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: ‘நிலம் நம்ம பேர்லதான் இருக்குன்னு சொல்றீங்க. நாம யார் பேர்ல இருக்கோம்?’

மறுநாள் காலையில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, தாலிக்கொடியையும் இரண்டு வளையலையும் அப்பா கையில் கொடுத்தாள். அசலும் வட்டியும் அடைந்தது. புரோநோட்டு திரும்பி வந்தது. அம்மா அதை அடுப்பில் போடவில்லை, பரணில் வைத்தாள். ‘எரிச்சுட்டா மறந்துடும்’ என்றாள். கடைசி வரைக்கும் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. நான் காலேஜுக்குப் போனேன். இன்றைக்கு உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன். (கைதட்டல்)

நவாப்பின் அரண்மனையிலும் அப்படி ஒரு குரல், முதல் கடனுக்கும் இரண்டாவது கடனுக்கும் நடுவிலே கேட்டிருக்கக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம். எனவே, ஆட்சி பிறர் கைக்குப் போவது பெரிதும் கடனால்தான், நாமே விரும்பிப் போடும் கையெழுத்தால்தான் என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.